சாத்து: கூடிச் சென்றவர்களின் சொல்

இன்றைய தமிழில் 'சாத்து' என்றதும் கதவைச் சாத்துவதும், சாமிக்கு மாலை சாத்துவதும், கோபத்தில் நாலு சாத்து சாத்துவதும்தான் நினைவுக்கு வரும். இவற்றோடு ஒட்டாத நான்காவது பொருள் ஒன்றும் இச்சொல்லுக்கு உண்டு. கழுதையிலும் மாட்டிலும் வண்டியிலும் சரக்கேற்றி, காவலோடு, கூட்டமாக நெடுந்தொலைவு போகும் வணிகர் திரள் அது. சங்க இலக்கியம் பரவலாக ஆண்ட சொல். பிற்கால அகராதிகள் தவறாமல் குறித்துவைத்த சொல். பேச்சு வழக்கிலிருந்து மட்டும் எப்போதோ நழுவிவிட்டது. பாரசீக மொழியிலிருந்து ஐரோப்பா சுற்றி வந்த 'கேரவன்' இன்று நம் நாவில் இருக்கிறது; படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டிக்குப் பெயராக!

சாத்து என்ற சொல் சரியாக எதைக் குறித்தது? எங்கிருந்து வந்தது? எந்தெந்த வடிவில் இன்னும் உயிரோடிருக்கிறது? இம்மூன்றையும் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். சாத்து என்பதை 'வணிகர் கூட்டம்' என்று உரை எழுதிக் கடந்துவிடுவது நம் வழக்கம். அந்த உரை போதாது. தலைவன், காவல், சுங்கம், தங்குமிடம், நீர்க்கணக்கு எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பின் பெயர் அது. அந்த அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் சொல்லின் வரலாறும் புரியும்.

சங்கப் பாடல்கள் காட்டும் சாத்து

சாத்தின் முழு உருவத்தைக் காண்பதற்குப் பெரும்பாணாற்றுப்படையைவிட நல்ல இடம் இல்லை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. பாணனுக்கு வழி சொல்லும்போது, அவ்வழியில் எதிர்ப்படப் போகிறவர்களைப் புலவர் வரிசையாகக் காட்டுகிறார். முதலில் வருபவர்கள் உப்பு விற்கும் உமணர். அவர்களுடைய வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடி வைத்த பானையைக் கயிற்றால் பிணித்து வண்டியின் முகப்பில் மாட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் வேப்பந்தழை மாலை சூடிப் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். ஒரு குடும்பமே வண்டியில் குடிபெயர்ந்து போவது போன்ற காட்சி. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வண்டி வரிசைக்குச் சங்கத் தமிழில் 'ஒழுகை' என்று பெயர்.

உமணரை அடுத்து வருபவர்கள் வேறு வகையினர். மலைப் பொருளையும் கடற்பொருளையும் கொண்டுபோய் விற்கும் வணிகர்கள். காலை மறைக்கும் செருப்பும், உடலை மூடிய சட்டையும், இடையில் வாளும் அணிந்தவர்கள். அவர்கள் நடக்கும் வழியில்தான் 'கழுதைச் சாத்து' வருகிறது. மிளகுப் பொதி இருபுறமும் எடை சமமாகத் தொங்குகிறது. பொதியின் வடிவம் பலாப்பழத்தைப் போல் இருக்கிறது. பாரம் சுமந்து சுமந்து கழுதையின் முதுகில் தழும்பேறியிருக்கிறது, காதுகள் நிமிர்ந்திருக்கின்றன. அது சுங்கம் வாங்கும் பெருவழி. வழிகள் பிரியும் கவலைகளில் வில் வைத்திருக்கும் காவலர் நிற்கிறார்கள். ஒரு சில அடிகளுக்குள் சரக்கு, சுமக்கும் விலங்கு, வரி, காவல், சாலை என ஒரு பொருளாதாரமே அடங்கிவிடுகிறது.

இவ்வளவு காவலுக்கு என்ன தேவை? விடை அகப்பாட்டுகளில் இருக்கிறது. அகநானூற்று 167ஆம் பாட்டில், சாத்துகளைத் தாக்கிக் கொள்ளையிட்டு வாழும் வில்லாளர்களுக்கு அஞ்சி ஓர் ஊரே காலியாகிப் பாழடைந்து கிடக்கிறது. குறுந்தொகை 390இல் பொழுது சாயும் நேரத்தில் ஓர் இளம் இணை வழியில் போகிறது. எதிர்ப்பட்டவர்கள் அவர்களை மேலே போக வேண்டாம் என்று தடுக்கிறார்கள். சாத்து வந்து தங்கியிருக்கிறது. வேல் ஏந்தியவர்களின் தண்ணுமை ஒலிக்கிறது. போர் மூளக்கூடிய இடம் அது. சாத்து வந்தால் அதைச் சுற்றி ஆயுதமும் பறையும் அச்சமும் சேர்ந்தே வரும் என்பதை அப்பாட்டைக் கேட்டவர்கள் அறிந்திருந்தார்கள். சாத்து என்ற சொல் பாலைத்திணையில் அதிகம் புழங்குவதற்கும் இதுவே காரணம்.

புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் ஒரு நுணுக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு 'சேம அச்சு', அதாவது மாற்று அச்சு, கட்டிவைத்திருப்பார்கள். பள்ளமும் மேடும் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும் என்பதற்காக. அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர். அரசகுமாரனைப் புகழ வண்டிக்காரரின் முன்யோசனையை எடுத்தாள முடிந்தது என்றால், நெடுவழிப் பயணத்தின் ஏற்பாடுகள் அவ்வளவு பரவலாகத் தெரிந்திருந்தன என்றுதான் கொள்ள வேண்டும்.

சாத்துவானும் மாசாத்துவானும்

சாத்தை நடத்துபவன் சாத்துவன் அல்லது சாத்துவான். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். கண்ணகியின் தந்தை மாநாய்கன். முன்னது பெருஞ்சாத்தின் தலைவன் என்று பொருள்படும். பின்னதில் உள்ள 'நாய்கன்', கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நாவிகன்' என்பதன் வடிவமாகக் கொள்ளப்படுகிறது. நிலவழி வணிகத்தின் வீடும் கடல்வழி வணிகத்தின் வீடும் புகாரில் சம்பந்தம் செய்துகொள்கின்றன. காப்பியத்தின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் பயணத்தைப் படித்தால் அதன் துயரம் இன்னொரு மடங்கு கூடுகிறது. பெருஞ்சாத்தின் தலைவன் மகன், சாத்தில்லாமல் நடந்து போகிறான். துணை என்று சொல்ல மனைவியும், வழியில் சேர்ந்த கவுந்தியடிகள் என்ற சமணத் துறவியும் மட்டுமே. அவர்கள் இளைப்பாறுவது எயினர் வழிபடும் ஐயை கோட்டத்தில். அங்கே தெய்வமேறிய சாலினி, வழி வளம் தரவில்லை என்று தன் குடியைக் கடிந்துகொள்கிறாள். வழிப்பறியால் வாழ்ந்த குடியில் வழிப்பறி குறைந்துவிட்டது என்ற குறைதான் அது. சாத்துவான் மகனும் சாத்தைக் கொள்ளையிடுவோரும் ஒரே கோட்டத்தில் நிற்கிறார்கள். மகனிடமோ கொள்ளையிட எதுவும் இல்லை, ஒரு இணைச் சிலம்பைத் தவிர. சாத்தின் பொருள் தெரிந்த அக்கால வாசகருக்கு இந்தக் காட்சி எப்படித் தைத்திருக்கும்!

வேர் எங்கே?

சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. வடமொழி 'சார்த்த' என்ற சொல்லே பிராகிருதத்தில் 'சத்த' ஆகித் தமிழில் 'சாத்து' ஆனது என்பது ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இந்த வழியைத்தான் காட்டுகிறது. 'சார்' என்னும் தமிழ் வேரிலிருந்து, ஒன்றையொன்று சார்ந்து செல்லும் கூட்டம் என்ற பொருளில் பிறந்தது என்பது தனித்தமிழ் நோக்குடையோர் கூறும் மற்றொன்று.

இரண்டாவது கருத்தில் பொருட்பொருத்தம் இருக்கிறது. ஆனால் சான்றுகளின் எடை முதலாவதன் பக்கமே சாய்கிறது. வடக்கில் 'சார்த்த' மட்டும் இல்லை. அதை நடத்துபவனுக்கு 'சார்த்தவாக' என்ற பட்டமும், பாலி மொழியில் அதன் 'சத்தவாக' வடிவமும் உண்டு. சாத்து-சாத்துவான் என்ற தமிழ் இணை, இந்த இணைக்கு வடிவத்திலும் பொருளிலும் நேராக நிற்கிறது. தொழிலின் பெயரும் தலைவனின் பட்டமும் சேர்ந்தே வந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு இன்னொரு துணைச் சான்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில் 'வெள்ளறை நிகமத்தோர்' வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. அதுவும் பிராகிருத வழி வந்த சொல். அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு வணிகனுக்குரிய பெயர்களை அடுக்கும்போது 'சார்த்தவாக', 'நைகம' இரண்டையும் அருகருகே வைக்கிறது. ஆகவே வணிக அமைப்புகளுக்குரிய ஒரு சொற்குடும்பமே சமண, பௌத்தத் துறவிகளோடும் வணிகர்களோடும் பெருவழிகளில் நடந்து தெற்கே வந்திருக்கிறது. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் துறவிகளின் குகைக்குக் கொடையளித்தவர்களாக வருகிறார்கள். சொல் வந்த வழி எது என்பதற்கு அதைவிடத் தெளிவான தடம் வேண்டியதில்லை.

இது தமிழுக்குக் குறை என்று எண்ணத் தேவையில்லை. அதே வழிகளில் தமிழ்ச் சொற்களும் எதிர்த்திசையில் போயின. 'இஞ்சி வேர்' பாலியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இஞ்சியின் பெயராக இன்றும் வாழ்கிறது. சரக்கோடு சொல்லும் போகும். சரக்கோடு சொல்லும் வரும். சாத்து வந்த சொல். வந்த பிறகு பாலைத்திணையின் நாடியாகவே ஆகிவிட்ட சொல்.

ஆசியா எங்கும் உடன்பிறப்புகள்

வடமொழியில் 'சார்த்த' என்பதைப் 'பொருளோடு கூடியது' என்று பிரிக்கலாம். 'ஒரே நோக்கமுடையது' என்றும் விளக்கலாம். இரண்டு விளக்கமும் பொருந்தும்படியே கதைகள் அமைந்திருக்கின்றன. மகாபாரதத்தில் நளனைப் பிரிந்த தமயந்தி காட்டில் ஒரு சார்த்தத்தோடு சேர்ந்து சேதி நாட்டை நோக்கிப் போகிறாள். ஏரிக்கரையில் இரவு தங்கியிருக்கும்போது காட்டு யானைகள் புகுந்து மிதித்து அந்தக் கூட்டத்தையே அழிக்கின்றன. கொள்ளையரைப் போலவே விலங்கும் சாத்துக்குப் பகை.

பௌத்த சாதகக் கதைகளில் சாத்தின் உள்ளியக்கம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. வண்ணுபத சாதகத்தில் போதிசத்துவர் ஒரு சாத்தின் தலைவர். கடக்க வேண்டியது அறுபது யோசனைப் பாலைவனம். பகலில் மணல் கொதிக்கும். ஆகவே இரவில்தான் பயணம். விண்மீன்களைப் பார்த்து வழிகாட்ட ஒருவர் முன்வண்டியில் அமர்ந்திருக்கிறார். கடல் மாலுமிக்கு நிகரான தரைவழி மாலுமி அவர். கடைசி இரவு, இனி நீர் தேவையில்லை என்று எல்லோரும் நீரையும் விறகையும் கொட்டிவிடுகிறார்கள். அன்றுதான் வழிகாட்டி அசதியில் தூங்கிப்போகிறார். மாடுகள் திரும்பி நடக்கின்றன. விடிந்து பார்த்தால் முந்தைய நாள் புறப்பட்ட இடம். எல்லோரும் சோர்ந்து விழுந்தபோது தலைவர் மட்டும் சுற்றிவந்து, புல் முளைத்திருக்கும் ஓர் இடத்தைக் கண்டு தோண்டச் சொல்கிறார். ஆழத்தில் பாறை தட்டுகிறது. அதன் மேல் காதை வைத்துக் கேட்டு, கீழே நீரோட்டம் இருப்பதை அறிந்து, ஓர் இளைஞனைக் கொண்டு பாறையை உடைக்கிறார். விடாமுயற்சியைச் சொல்ல வந்த கதை அது. ஆனால் சாத்து நடந்த விதத்தைப் பற்றிய பாடமும் அதற்குள் இருக்கிறது. நீர்க்கணக்கு பிசகினாலோ ஒருவர் கண்ணயர்ந்தாலோ மொத்தக் கூட்டமும் சாகும். தலைவனின் பட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்பதும் இங்கே விளங்கும்.

குப்தர் காலத்தில் அந்த மதிப்பு ஆட்சி மன்றம் வரை போயிற்று. வங்கத்தின் தாமோதர்பூரில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளில், மாவட்ட நிருவாகத்தில் நகரசெட்டி, தலைமைக் கைவினைஞர், தலைமை எழுத்தர் ஆகியோரோடு சார்த்தவாகனும் இடம்பெறுகிறார். 'மிருச்சகடிகம்' நாடகத்தின் நாயகன் சாருதத்தனும் சார்த்தவாகன்தான். மோதிசந்திரர் பண்டைய இந்திய வணிக வழிகளைப் பற்றி 1953இல் இந்தியில் வெளியிட்ட பெருநூலுக்கு 'சார்த்தவாக' என்றே பெயர் வைத்தார்.

சொல் வடக்கே இன்னும் வெகுதூரம் போனது. மத்திய ஆசியாவின் பாக்திரியாவில் 'சர்தபாவோ' ஆனது. பட்டுப்பாதையை ஆண்ட சோக்தியானா வணிகர்கள் அதைத் தம் தலைவர்களின் பட்டமாகக் கொண்டார்கள். சீனப் பேரரசில் அது 'சபாவ்' என்ற அதிகாரப் பதவியாயிற்று. வெளிநாட்டு வணிகக் குடியிருப்புகளின் தலைவருக்குச் சீன அரசு கொடுத்த பதவி. சீனத்தின் சீயான் நகரில் 2003இல் அகழப்பட்ட விர்காக் என்பவரின் கல்லறையில் சோக்தியமும் சீனமும் சேர்ந்த இருமொழிக் கல்வெட்டு இருக்கிறது. 579இல் இறந்த அவர் லியாங்சோவின் சபாவாக இருந்தவர். துருக்கிய மொழியில் இதே சொல் 'சர்த்' ஆகியது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தம் அகராதியில் அதற்கு வணிகர் என்று பொருள் எழுதினார். பிற்காலத்தில் மத்திய ஆசியாவின் நகரவாழ் மக்களுக்கே அது பெயராகி, சோவியத் ஆட்சியில் 1920களில் கைவிடப்பட்டது.

புகாரின் மாசாத்துவானும் சீயானில் புதைக்கப்பட்ட விர்காக்கும் ஒரே பட்டத்தின் இரண்டு வடிவங்களைச் சுமந்தவர்கள். ஆசியாவின் இரு கோடிகளை இப்படி இணைக்கும் பட்டங்கள் அதிகம் இல்லை.

பிறர் இட்ட பெயர்கள்

கூட்டுப் பயணத்துக்கு ஒவ்வொரு மக்களும் இட்ட பெயரைப் பார்த்தால், அதில் எதை முக்கியமாகக் கண்டார்கள் என்பது தெரியும். பாரசீகத்தின் 'கார்வான்' படை, மக்கள் திரள் என்ற பொருளுள்ள பழைய சொல்லோடு உறவுடையது. அங்கே கண்ணில் பட்டது அணிவகுப்பு. அதுவே ஐரோப்பாவுக்குப் போய்க் 'கேரவன்' ஆகி, ஆங்கிலத்தில் குறுகி 'வேன்' ஆனது. திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் உறவினர் எல்லாம் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறோமே, அந்த வேன் இந்தக் கார்வானின் வால்தான்.

அரபியின் 'காஃபிலா', திரும்புதல் என்ற வினையடியிலிருந்து பிறந்தது. புறப்படும் கூட்டத்துக்கே 'திரும்பி வருவது' என்று பெயரிட்டார்கள். நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்ற வாழ்த்தையே பெயராக்கியது அது என்று அரபு அகராதியாளர்கள் விளக்கினார்கள். குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் கிணற்றில் கிடந்த யூசுபைக் கண்டெடுக்கும் வழிப்போக்கர் கூட்டத்துக்குரிய 'சய்யாரா' என்ற சொல், இன்றைய அரபியில் மோட்டார் காரைக் குறிக்கிறது.

தக்காணத்தில் பஞ்சாராக்களின் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் 'தாண்டா' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த பீட்டர் மண்டி, தவேர்னியே ஆகிய ஐரோப்பியப் பயணிகள் பல்லாயிரம் எருதுகள் கொண்ட தாண்டாக்களைப் பற்றி எழுதினார்கள். படைகளுக்குத் தானியமும் உள்நாட்டுக்கு உப்பும் பஞ்சாராக்கள் வழியே போயின. ரயில் வந்து பொதிமாட்டை வீணாக்கிய பின் அம்மக்கள் தங்கிய இடங்களுக்கே தாண்டா என்று பெயர் நிலைத்தது. தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல தாண்டாக்கள் தனி ஊராட்சிகள் ஆயின. நடந்துகொண்டே இருந்ததன் பெயர் நிலைத்த ஊரின் பெயராயிற்று.

பெயர்களில் தங்கிய சொல்

சாத்தனும் சாத்தியும் பழந்தமிழரின் மிக இயல்பான பெயர்கள். எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் இலக்கண உரைகாரர்கள் அழைப்பது சாத்தனையும் கொற்றனையும்தான். மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார். மதுரையில் கூலவாணிகம் செய்தவர் என்று அவருக்கு அடைமொழியே உண்டு. எகிப்தின் செங்கடற் கரையில் குசைர் அல்-கதீம் என்ற பழந்துறைமுகத்தில் கிடைத்த பானையோட்டில், தமிழ் பிராமி எழுத்தில் சாத்தன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. நம் வணிகர் ஒருவர் அங்கே தம் பொருளின் மேல் இட்ட அடையாளம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சாத்தன் என்ற எல்லாப் பெயரையும் சாத்தோடு முடிச்சுப்போட முடியாது. ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் புகாரில் பாசண்டச் சாத்தன் கோட்டம் வருகிறது. சாஸ்தா என்ற வடமொழிப் பெயரோடு அதை இணைப்பவர்கள் உண்டு. சாத்துகளின் காவல் தெய்வமாகவே அவர் வளர்ந்தார் என்று கருதுபவர்களும் உண்டு. இரண்டாவது கருத்துக்குப் புவியியல் துணை நிற்கிறது. ஊர் எல்லையிலும் வழியோரத்திலும் குதிரையோடு காவல் நிற்பவர் ஐயனார். செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கேரளத்துக்குள் இறங்கும் கணவாயில் ஆரியங்காவு சாஸ்தா கோயில் இருக்கிறது. சபரிமலைக்குக் குருசாமியின் தலைமையில், விரதத்துடன், குழுவாகக் காடு கடந்து போகும் பழக்கத்தில் சாத்தின் கட்டுக்கோப்பு அப்படியே தெரிகிறது. ஆனால் சாத்தூர், சாத்தனூர் போன்ற ஊர்ப்பெயர்களைக் கண்டவுடன் அங்கே வணிகச் சாத்து தங்கியது என்று எழுதிவிடுவது ஆய்வாகாது. அவ்வூர் பழைய பெருவழியில் இருக்கிறதா, கல்வெட்டில் வணிகர் வருகிறார்களா என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

சொல் ஏன் மறைந்தது?

இடைக்காலத்தில் வணிகர் இயக்கம் குறையவில்லை, பெருகியது. கோவைக்கு அருகே இராசகேசரிப் பெருவழியைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் காதக்கற்கள், எண்ணை எழுத்தில் பொறித்ததோடு குழிகளாலும் காட்டின. எழுத்தறியாதவரும் தொட்டு எண்ணித் தொலைவை அறியலாம். வழியில் வணிகர் இறங்கித் தங்கும் இடங்கள் 'தாவளம்' எனப்பட்டன. ஆனால் இக்காலக் கல்வெட்டுகளில் முன்னே நிற்பவை ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், நானாதேசி போன்ற நிலையான குழுக்களின் பெயர்கள். தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தார் தமிழில் கல்வெட்டு விட்டுச்சென்றார்கள். சுமத்திராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் 1088இல் விட்டுச்சென்றார்கள். ஒரு பயணத்துக்காகச் சேர்ந்து, முடிந்ததும் கலையும் கூட்டத்தின் இடத்தை, தலைமுறை தலைமுறையாக நீடிக்கும் அமைப்பு எடுத்துக்கொண்டது. பயணத்தின் பெயர் பின்தங்கி, நிறுவனத்தின் பெயர் முன்வந்தது.

எஞ்சியிருந்த மாட்டுவண்டி, பொதிமாட்டு வணிகத்தை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில் மெல்ல முடித்துவைத்தது. சாலையில் தனியாகப் போனாலும் உயிருக்கு அச்சமில்லை என்ற நிலை வந்தபின், காவலோடு கூடிப் போவதற்கென்று ஒரு சொல் தேவைப்படவில்லை. கதவு சாத்துவதும் மாலை சாத்துவதும் அன்றாடம் புழங்கியதால் நிலைத்தன. இது புழங்காததால் ஏட்டில் ஒதுங்கியது.

ஆயினும் இச்சொல்லை ஏட்டிலேயே விட்டுவிடக் கூடாது. பட்டுப்பாதையைப் பற்றியோ, சகாராவின் உப்பு ஒட்டகங்களைப் பற்றியோ தமிழில் எழுதும்போது 'கேரவன்' என்றோ 'வணிகக் கூட்டம்' என்றோ எழுதுகிறோம். முதலாவதில் நடிகரின் வண்டி குறுக்கே வருகிறது. இரண்டாவதில் தலைவனும் காவலும் கட்டுப்பாடும் காணாமல் போகின்றன. 'ஒட்டகச் சாத்து' என்று எழுதினால் எல்லாம் வந்துவிடும். பெரும்பாணாற்றுப்படை 'கழுதைச் சாத்து' என்று வழிகாட்டியே வைத்திருக்கிறது. பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்பாளரும் இதைத் துணிந்து கையாள வேண்டும். சங்கப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சாத்து என்ற இடம் வந்ததும் ஒரு நிமிடம் நின்று, அதன் உறவுகள் சீனம் வரை பரவிய கதையையும் சொல்ல வேண்டும். நம் பழம்பாட்டு ஒதுங்கிய ஒரு மூலையின் பாட்டாக இருந்ததில்லை, உலகின் பெருவழியில் நின்று பாடிய பாட்டு என்பதை மாணவர் ஒரே சொல்லிலிருந்து புரிந்துகொள்வார்கள்.